கார்லைல் அணியின் பெருவெற்றிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கக் காலத்தில் பெரும் பல்கலைக்கழகங்களைத் தோற்கடித்துப் பெயர் பெற்ற அணிகளுள் கார்லைல் இந்தியர் தொழிற்பள்ளியின் அணி தனித்து நிற்கிறது. ‘இந்தியர்’ என்று இங்கே குறிக்கப்படுவோர் அமெரிக்கப் பழங்குடியினர். பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் ஊரில், காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பில் 1879இல் இப்பள்ளி தொடங்கியது. 1918இல் மூடப்பட்டது. பெயரளவில் அது பள்ளிதான். கல்லூரிப் பட்டம் எதையும் அது வழங்கியதில்லை. ஆனால் அதன் அணி மோதியதோ ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் ஆகிய அணிகளோடு. இந்த நான்கும்தான் அன்று ‘பெரிய நான்கு’ என்று அழைக்கப்பட்டவை.

இங்கே பேசப்படும் கால்பந்து, தமிழர் அறிந்த கால்பந்து அன்று. இருமுனையும் கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினர் மடக்கி வீழ்த்துவதற்குள் முன்னேறி, எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல். இவற்றுக்கான புள்ளிகள் அந்நாளில் அடிக்கடி மாறின. டச்டவுனின் மதிப்பு 1890களின் இறுதியில் 4இலிருந்து 5 ஆகி, 1912இல் 6 ஆனது. ஃபீல்டு கோலோ 5இலிருந்து 1904இல் 4 ஆகவும், 1909இல் 3 ஆகவும் இறங்கியது. அக்கால ஆட்டங்களின் புள்ளிகளை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

பள்ளியை நிறுவியவர் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட். ஃபுளோரிடாவின் மேரியன் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த சமவெளிப் பழங்குடியினருக்குப் பொறுப்பாக இருந்தபோது, அவர்களுக்கு ஆங்கிலமும் கைத்தொழிலும் கற்பித்துப் பார்த்தவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே இந்தப் பள்ளி. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் நிலத்திலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து வெள்ளையரைப் போலவே வளர்த்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. வந்து சேர்ந்த பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. 1886இல் ஜெரோனிமோவின் அப்பாச்சி மக்கள் சரணடைந்த பிறகு, அவர்களுடைய பிள்ளைகளும் இங்கே அனுப்பப்பட்டார்கள். நோயால் இறந்தவர்கள் பலர். ஏறத்தாழ 180 பேர் பள்ளிக் கல்லறையில் புதைக்கப்பட்டார்கள். இந்தப் பின்னணியைத் தள்ளிவைத்துவிட்டு அணியின் வெற்றிகளைப் படித்தால் அவை வெறும் விளையாட்டுச் செய்திகளாகச் சுருங்கிவிடும்.

கால்பந்தை முதலில் பிராட் விரும்பவில்லை. 1890களின் தொடக்கத்தில், பக்கத்திலிருந்த டிக்கின்சன் கல்லூரியோடு ஆடியபோது ஒரு மாணவரின் கால் முறிந்தது. அதோடு வெளி ஆட்டங்களுக்குத் தடை விதித்தார். மாணவர்கள் திரண்டுவந்து வாதாடியபின் தடையை நீக்கி, இரண்டு நிபந்தனைகள் போட்டார். எந்த நிலையிலும் எதிரியைக் குத்தக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகச் சிறந்த அணிகளைத் தோற்கடிக்க வேண்டும். முதலாவது நிபந்தனைக்குக் காரணம் தெளிவானது. பழங்குடி இளைஞன் ஒருவன் கையை ஓங்கினால், காட்டுமிராண்டி குணம் போகவில்லை என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதும். குத்துகள் தாராளமாக விழுந்த ஆட்டம் அது. அதில் திருப்பி அடிக்காமல் ஆட வேண்டிய கட்டாயம் இந்த ஓர் அணிக்கு மட்டும் இருந்தது.

1896ஆம் ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நான்கு வாரத்துக்குள் அவ்வணி பெரிய நான்கையும் வரிசையாகச் சந்தித்தது. நான்கிலும் தோற்றது. ஆனால் ஹார்வர்டிடம் தோற்றது 4–0 என்ற கணக்கில்தான்; நியூயார்க்கில் யேலிடம் 12–6. யேலுடனான ஆட்டத்தில் கார்லைல் வீரர் ஒருவர் பிடியிலிருந்து திமிறி ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். அதற்கு முன்பே ஆட்டம் நிறுத்தப்பட்டதாகச் சொல்லி நடுவர் அந்த டச்டவுனைச் செல்லாததாக்கினார். அந்த நடுவர் வில்லியம் ஹிக்காக் யேலின் பழைய வீரர். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு கார்லைலின் பயிற்சியாளரும் அவரேதான். கூட்டம் அவரைக் கூச்சலிட்டு ஏசியது. களத்தை விட்டு வெளியேறப் போன வீரர்களை பிராட் தடுத்து, ஆட்டத்தை முடித்துவிட்டு வரச் செய்தார். நியூயார்க் மக்களின் மனம் கார்லைல் பக்கம் சாய்ந்தது அன்றுதான். அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோவின் கொலிசியம் அரங்குக்குள் மின்விளக்கு ஒளியில் நடந்த இரவு ஆட்டத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைக் கார்லைல் 18–8 என வென்றது. கூரைக்குக் கீழே கால்பந்து ஆடுவதே அன்று புதுமை.

கார்லைலுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கொள்ளும் மைதானம் கிடையாது. பெரிய ஆட்டங்கள் எல்லாமே வெளியூரில், எதிரணியின் மைதானத்தில்தான். வாரந்தோறும் ரயில் பயணம். வீரர்களின் உடல் எடையும் பெரும்பாலும் எதிரணியினரைவிடக் குறைவு. இந்தக் குறைகளைத் தந்திரமாகவும் வேகமாகவும் மாற்றியவர் 1899இல் பயிற்சியாளராக வந்த கிளென் வார்னர். ‘பாப்’ வார்னர் என்றே அவரை எல்லோரும் அழைத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவர் முதலில் தம் அதட்டலாலும் வசைமொழியாலும் மாணவர்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டார். அப்படிப்பட்ட பேச்சு அவர்களுக்குப் பழக்கமில்லை. பிறகு ஓரளவு தம் போக்கை மாற்றிக்கொண்டார். வந்த ஆண்டே பலன் கிடைத்தது. 1899 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 16–5 என்று வீழ்த்தியது கார்லைல். பெரிய நான்கில் ஒன்றை அது வென்றது அதுவே முதல் முறை. பிராட்டின் இரண்டாவது நிபந்தனையின் முதல் தவணை செலுத்தப்பட்டது. அந்தப் பருவத்திலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தை 45–0 என்று நசுக்கினார்கள். கிறிஸ்துமஸ் அன்று, நாட்டின் மறுகரையில் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தை 2–0 என்று வென்றார்கள். அணியில் பெயர் பெற்ற ஃபிராங்க் ஹட்சன், லகூனா புவெப்லோ மக்களைச் சேர்ந்தவர். ஆள் சிறியவர், தரையில் குதித்தெழும் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்புவதில் அன்று அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே.

பத்திரிகைகள் இந்த வெற்றிகளை எழுதிய விதமும் வரலாற்றின் பகுதிதான். கோடரி, போர்க்கூச்சல், தலைத்தோல் உரித்தல் என்று எல்லைப்புறப் போர்க்கால உருவகங்களே தலைப்புகளாயின. கேலிச்சித்திரங்களில் வீரர்களுக்கு இறகுகள் முளைத்தன. களத்தில் நின்றவர்களோ முடி வெட்டிய, ஆங்கிலம் பேசிய, கடுமையான ஒழுங்கில் வளர்ந்த மாணவர்கள். பள்ளி அழிக்க முயன்ற அடையாளத்தைக் கூட்டம் சீட்டு வாங்கிப் பார்க்க வந்தது. அந்தச் சீட்டுப் பணத்தைப் பள்ளி வாங்கிக்கொண்டது. இந்த முரண்பாட்டை அந்நாள் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

1903 அக்டோபர் 31 அன்று ஹார்வர்டோடு நடந்த ஆட்டம் வெற்றிப் பட்டியலில் வராது. 12–11 என்று கார்லைல் தோற்றது. ஆனால் அதைச் சொல்லாமல் அந்த அணியின் கதை நிறைவடையாது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஹார்வர்ட் உதைத்த பந்தை ஜிம்மி ஜான்சன் பிடித்தார். அணியினர் அவரைச் சூழ்ந்து வட்டமாக நின்றார்கள். அந்த மறைவில், சார்லஸ் டில்லனின் மேல்சட்டைக்குள் முதுகுப் பக்கமாகப் பந்து செருகப்பட்டது. பந்து நழுவாதிருக்க அந்தச் சட்டையின் அடிப்பகுதியில் முன்கூட்டியே எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள். பிறகு வட்டம் உடைந்தது. ஒவ்வொருவரும் தோல் தலைக்கவசத்தை வயிற்றோடு அணைத்தபடி ஆளுக்கொரு திசையில் ஓட, யாரிடம் பந்து என்று தெரியாமல் ஹார்வர்ட் வீரர்கள் கண்டவரையெல்லாம் வீழ்த்தினார்கள். இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நேராக ஓடிய டில்லனை யாரும் பொருட்படுத்தவில்லை. ஹார்வர்ட் அணித்தலைவர்கூட, தம்மை இடித்துத் தள்ள வரும் ஆள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். எல்லைக்கோட்டைத் தாண்டிய டில்லனின் முதுகிலிருந்து ஜான்சன் பந்தை உருவி எடுத்துத் தரையில் வைத்தார். விதிகளில் அதற்குத் தடை ஏதும் இல்லாததால் டச்டவுன் செல்லுபடியானது. ஹார்வர்ட் பிறகு முன்னேறி ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தை இன்றளவும் நினைவில் வைத்திருப்பது முதுகில் பந்து சுமந்த ஓட்டம்தான்.

அந்தப் பருவம் முடிந்ததும் வார்னர் கார்னெல் திரும்பினார். 1904இல் பிராட்டும் பதவி இழந்தார். ஆனாலும் அணி தளரவில்லை. 1905இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியை அதன் இடத்திலேயே 6–5 என்று வென்றது. 1906இல் முன்னாள் வீரர்களான பெமஸ் பியர்ஸும் ஃபிராங்க் ஹட்சனும் பயிற்சி அளிக்க, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 24–6 என்று மடக்கியது. இருவருமே பழங்குடியினர். வார்னர் இல்லாமல் கார்லைல் இல்லை என்ற பேச்சுக்கு இந்த இரண்டு பருவங்களே போதிய மறுப்பு.

இதற்கிடையே ஆட்டமே மாறியது. உடல்களை மொத்தமாக மோதவிடும் பழைய முறையில் 1905இல் பல இளைஞர்கள் உயிரிழந்தார்கள். குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் பந்தை முன்னோக்கி வீசுவதற்கு விதி அனுமதி தந்தது. பழைய கல்லூரிகள் அதை ஐயத்தோடு பார்த்தன. வீசிய பந்து யாரிடமும் சேராமல் தரையில் விழுந்தால் வீசிய அணிக்கே தண்டனை என்பதால், அவசரத்துக்கு மட்டுமே அதைக் கையாண்டன. எடை குறைந்த, வேகம் மிகுந்த கார்லைல் அணிக்கு அது கைக்கு வந்த வரம். 1907இல் திரும்பி வந்த வார்னர் அந்த ஆண்டு முழுவதையும் அந்த வீச்சின் மேல் கட்டினார்.

1907 அக்டோபர் 26 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். கார்லைலின் பீட் ஹவுசர் சுழன்றபடி செல்லும் நீண்ட வீச்சு ஒன்றை அனுப்ப, ஓடிக்கொண்டிருந்த வில்லியம் கார்ட்னர் அதைப் பிடித்தார். பந்தை அவ்வளவு தொலைவுக்கு, அவ்வளவு குறிதவறாமல் வீச முடியும் என்பதைப் பார்வையாளர்களில் பெரும்பாலோர் அன்றுதான் கண்டார்கள். ஆட்டம் 26–6 என்று முடிந்தது. பென்சில்வேனியா அந்தப் பருவத்தில் தோற்ற ஒரே ஆட்டம் இதுதான். நவீனக் கால்பந்து தொடங்கிய நாள் எது என்ற விவாதத்தில் இந்த ஆட்டத்தை முன்வைக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு; அது மிகையான கூற்றும் அன்று.

அடுத்த வாரத்தில் பிரின்ஸ்டனிடம் 16–0 என்ற தோல்வி. அந்த ஆண்டின் ஒரே தோல்வியும் அதுவே. அதற்கடுத்த வாரம், நவம்பர் 9 அன்று, ஹார்வர்ட். 1896 முதல் எவ்வளவோ முயன்றும் கார்லைலுக்குக் கிட்டாத வெற்றி அது. டஸ்கரோரா இனத்தவரும், களத்தில் ஆட்டத்தை இயக்கும் குவார்ட்டர்பேக்குமான ஃபிராங்க் மவுண்ட் பிளெசன்ட் வீச்சாலும் ஓட்டத்தாலும் ஹார்வர்டைத் திணறடித்தார். 23–15 என்று கார்லைல் வென்றது. மவுண்ட் பிளெசன்ட் மறுஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலிலும் மும்முறைத் தாண்டுதலிலும் போட்டியிட்டார். பிறகு டிக்கின்சன் கல்லூரியில் பட்டமும் பெற்றார்.

அதே நவம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டம் தந்திரத்துக்குப் பேர்போனது. சிகாகோவின் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், நாட்டின் முதல்வரிசைப் பயிற்சியாளர்களில் ஒருவர். வீச்சைப் பிடிக்க ஓடும் ஆல்பர்ட் எக்ஸெண்டைனை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே இடித்துச் சாய்க்க ஆட்களை வைத்திருந்தார். எக்ஸெண்டைன் ஒரு கட்டத்தில் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனார். ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார் என்று தடுப்பவர்கள் விட்டுவிட்டார்கள். அவரோ சிகாகோ வீரர்கள் அமர்ந்திருந்த பலகைக்குப் பின்னால் ஓடி, தொலைவில் மறுபடி களத்துக்குள் நுழைந்தார். அதுவரை பந்தோடு நழுவிக்கொண்டிருந்த ஹவுசர் அவரை நோக்கி வீசினார். தனியாக நின்ற எக்ஸெண்டைன் பிடித்து டச்டவுன் பதித்தார். கணக்கு 18–4. வெளியே போனவர் உள்ளே வந்து பந்தைப் பிடிப்பதைப் பின்னர் விதிகள் தடைசெய்தன. கார்லைலின் ஆட்டத்துக்குப் பிறகு விதிப்புத்தகம் திருத்தப்படுவது புதிதல்ல.

அந்த அணியில் மாற்று வீரராக இருந்தவர் ஜிம் தோர்ப். ஓக்லஹோமாவிலிருந்து வந்த சாக்–ஃபாக்ஸ் இனத்தவர். 1909, 1910 ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போய், வட கரோலைனாவில் சிறு கூலிக்கு பேஸ்பால் ஆடினார். 1911இல் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பர் 11 அன்று ஹார்வர்ட் மைதானத்தில் அவர் ஆடியது கட்டுப் போட்ட காலோடு. ஹார்வர்ட் முதலில் இரண்டாம் தர வீரர்களைக் களமிறக்கியது. வரவிருக்கும் யேல் ஆட்டத்துக்காகச் சிறந்தவர்களைக் காத்து வைப்பது அதன் எண்ணம். தோர்ப் நான்கு ஃபீல்டு கோல் அடித்தார். கடைசி உதை 48 கஜத் தொலைவிலிருந்து. முதல்தர வீரர்கள் அவசரமாக இறங்கியபோது காலம் கடந்திருந்தது. 18–15. உதைத்த கால், காயம்பட்ட காலேதான் என்பதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. மறுவாரமே சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திடம் 12–11 என்று அணி தோற்றுப்போனது பலருக்கு நினைவில்லை.

1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தோர்ப் ஐந்தம்சப் போட்டியிலும் பத்தம்சப் போட்டியிலும் தங்கம் வென்றார். பள்ளித்தோழர் லூயிஸ் டெவானிமா, ஹோப்பி இனத்தவர், 10,000 மீட்டரில் வெள்ளி. அந்தப் புகழோடு தொடங்கிய பருவத்தில் நவம்பர் 9 அன்று கார்லைல் மறுபடி வெஸ்ட் பாயிண்டுக்குப் போனது.

பொருள் கனத்த ஆட்டம் அது. தென் டகோட்டாவின் வூண்டட் நீயில் ராணுவம் லகோட்டா மக்களைக் கொன்று குவித்தது 1890 டிசம்பரில். அதற்கு 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. எதிரே நிற்பவர்களின் தந்தையரும் பாட்டன்மாரும்தான் உங்கள் தந்தையரோடு போரிட்டவர்கள் என்று ஆட்டத்துக்கு முன் வார்னர் நினைவூட்டியதாகச் சொல்வார்கள். நினைவூட்ட வேண்டிய தேவை இருந்ததா என்பது வேறு. வார்னர் அன்று இரட்டைச் சிறகு என்ற புதிய அணிவகுப்பைக் கொண்டுவந்திருந்தார். ஓடுபவர் இருவரைப் பக்கங்களில் நிறுத்தியதால், பந்து யார் வழியாக எங்கே போகும் என்பது எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியவில்லை. அதை இயக்கியவர் ஓஜிப்வே இனத்தவரான குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச்.

ராணுவ அணிதான் முதலில் புள்ளி எடுத்தது. பிறகு அதற்கு ஒன்றும் கிட்டவில்லை. இறுதிக் கணக்கு 27–6. தோர்ப்பின் ஆட்டம் என்றே இது நினைக்கப்பட்டாலும், டச்டவுன்களில் பெரும்பாலானவற்றைப் பதித்தவர் அலெக்ஸ் அர்காசா. தோர்ப்பைத் தடுக்கவே ராணுவ அணி கவனம் முழுவதையும் செலவிட, மற்றவர்களுக்கு வழி திறந்தது. தோர்ப்பின் மிக நீண்ட ஓட்டம் ஒன்று சக வீரர் செய்த விதிமீறலால் செல்லாமற் போனது. மறுபடி உதைத்த பந்தையும் அவர் எடுத்து ஓடி டச்டவுன் பதித்தார் என்ற கதை பிற்காலத்தில் வளர்ந்தது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ராணுவ அணித்தலைவர் லேலண்ட் டெவோர், கார்லைலின் ஜோ கையனைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். திருப்பி அடிக்கக் கூடாது என்று இருபதாண்டுகளுக்கு முன் யாருக்கு நிபந்தனை போடப்பட்டதோ, அவர்கள் கடைசிவரை களத்தில் நின்றார்கள்.

அன்று ராணுவ அணியில் ஆடியவர்களில் ட்வைட் ஐசனோவரும் ஒருவர். தோர்ப்பை வீழ்த்த முயன்று களைத்த அவருக்கு, அடுத்த வாரத்தில் இன்னோர் ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டு, கால்பந்து வாழ்க்கை முடிந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான அவர், தாம் கண்ட வீரர்களில் தோர்ப்புக்கு இணையானவர் இல்லை என்று பேசியிருக்கிறார். கார்லைல் அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களை வென்றது. ஒன்றில் தோல்வி, ஒன்று சமன்.

சரிவு விரைவாக வந்தது. 1913 ஜனவரியில், பேஸ்பாலுக்குக் கூலி வாங்கிய செய்தி வெளிவந்ததால் தோர்ப்பின் ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அந்த முடிவை 1982இல்தான் ஒலிம்பிக் குழு மாற்றிக்கொண்டது. தனி வெற்றியாளர் என்ற நிலை 2022இல் திரும்பியது. 1914இல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கு வந்து விசாரித்தது. விசாரணைக்கு வழிவகுத்த மனுவில் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் கஸ் வெல்ச்சும் ஒருவர். மாணவர்களின் உணவும் படிப்பும் சீர்கெட்டிருக்க, ஆட்டங்களில் வந்த பணம் விளையாட்டுச் சங்கத்தின் வழியே விருப்பம்போல் செலவிடப்பட்டது என்பது குற்றச்சாட்டு. வார்னரின் வசைமொழியைப் பற்றியும் வீரர்கள் சாட்சி சொன்னார்கள். பள்ளித் தலைவர் மோசஸ் ஃபிரீட்மன் நீக்கப்பட்டார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அதன்பின் வந்த பருவங்களில் குறிப்பிடத்தக்க வெற்றி இல்லை. 1917 நவம்பரில் ஜார்ஜியா டெக் அணியிடம் கார்லைல் 98–0 என்று தோற்றது. அந்த ஆண்டு ஜார்ஜியா டெக் அணியின் முன்னணி வீரர்களில் ஒருவர், வெஸ்ட் பாயிண்டில் டெவோரிடம் அடி வாங்கிய அதே ஜோ கையன். தோர்ப், வெல்ச், எக்ஸெண்டைன், ஜிம்மி ஜான்சன் ஆகியோரோடு அவரும் பிற்காலத்தில் கல்லூரிக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 1918இல், முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை தேவை என்று ராணுவம் கட்டடங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எஞ்சியிருந்த மாணவர்கள் சொந்த ஊர்களுக்கோ வேறு பழங்குடிப் பள்ளிகளுக்கோ அனுப்பப்பட்டார்கள்.